செம்மறிகள் மேய்ந்த தோட்டம்

மகாராணி திராட்சைக் கொடிவரிசைக்கு நடுவில் முகத்தை மண்ணில் ஊன்றிக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்ததும் அண்ணிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. மந்தையிலேயே கொழுத்த ஆடு அது. இடம் மாற்றி ஓட்டப் போனால் போதும், காலை மடக்கிப் படுத்துக்கொண்டு உயிரே போய்விட்ட மாதிரி பாசாங்கு பண்ணும். தீவன டப்பாவை ஆட்டிக் காட்டினால் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து வரும்.

"போதும்டி உன் நடிப்பு. எழுந்திரு" என்று டப்பாவை ஆட்டிக்கொண்டே போனாள்.

மகாராணி எழவில்லை. காதுகூட அசையவில்லை. அண்ணி குனிந்து அதன் கண்ணிமையை விரலால் விலக்கிப் பார்த்தாள். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் எலுமிச்சைத் தோல் மாதிரி மஞ்சளாக இருந்தது. பின்னங்காலில் ஏதோ கறை. ரத்தமோ என்று தொட்டு முகர்ந்தாள். மூத்திரம். கடுங்காப்பி நிறத்தில் மூத்திரம்.

டப்பா கையிலிருந்து நழுவியது. தலையை நிமிர்த்திப் பார்த்தால், அதே வரிசையில் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கு அப்பால் கொடி படரும் கம்பிக் கால் ஒன்றில் சாய்ந்தபடி வாயைப் பிளந்து மூச்சு வாங்கும் ஒன்று. சரிவின் அடியில், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று தலையை வைத்துக்கொண்டு ஒரு கும்பலே கிடந்தது. நேற்றுத்தான் ரோமம் கத்தரித்திருந்தார்கள். கத்தரித்த புதுசில் ஆடுகள் எல்லாம் சின்னதாக, வெள்ளையாக, குளித்துவிட்டு வந்தவை மாதிரி இருந்தன. அந்த வெள்ளையில் மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. ஈறில், மூக்கு நுனியில், காதின் உள்பக்கத்தில், எங்கே பார்த்தாலும் மஞ்சள்.

"என்னங்க!" என்று கத்தினாள். குரல் வந்ததா இல்லையா என்றே அவளுக்குத் தெரியவில்லை. சரிவில் விழுந்தடித்துக்கொண்டு வீட்டைப் பார்க்க ஓடினாள்.

அந்தத் தோட்டத்தில் அவள் எல்லோருக்கும் அண்ணிதான். நாத்தனார் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வேலைக்கு வருகிறவர்கள், பாட்டில் இறக்க வரும் லாரிக்காரர், தபால்காரர் என்று எல்லோர் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. "நான் ஒருத்தன்தான் பாக்கி. என்னைக்கு வாய் தவறப் போகுதோ" என்பான் அவள் புருஷன். அவனுக்கு வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறைதான் உலகம். திராட்சை விளைந்து முற்றத்துக்கு வந்து சேர்கிறவரை அண்ணி பாடு. பிழிந்து, நொதிக்கவிட்டு, பீப்பாயில் ஏற்றி, ஒயினாக்கி வெளியே கொண்டுவருவது அவன் பாடு. அதை நாலு பேர் நாக்கில் வைத்து நல்ல பேர் வாங்குவது அவன் தங்கை பாடு. நாத்தனாருக்கு வாய் போதும். ஊரில் இருக்கிற ஓட்டல்காரர்கள் பாதிப் பேர் அவள் ஒயினுக்காகவும், மீதிப் பேர் அவள் வாய்க்குப் பயந்தும் வாங்குகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

அண்ணி கல்யாணமாகி வந்தபோது கொடிகளுக்கு அடியில் ஒரு பச்சை முளைக்காது. களைக்கொல்லி அடித்து அடித்துத் தரை சிமெண்டு மாதிரி இறுகிக் கிடக்கும். மழை பெய்தால் மேல்மண் கரைந்து ரோட்டுக்கு வந்துவிடும். மாமனார் காலமான பிறகு, அவள்தான் ஒவ்வொன்றாக மாற்றினாள். களைக்கொல்லியை நிறுத்தினாள். வரிசைகளுக்கு நடுவில் பயறும் புல்லும் விதைத்தாள். எலி பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி கட்டித் தொங்கவிட்டாள். ஆந்தை வந்து சேர இரண்டு வருஷம் ஆயிற்று, அதுவரை நாத்தனார் அந்தப் பெட்டிகளை "அண்ணியோட வாடகை வீடு" என்று சொல்லிச் சிரித்தாள். கடைசியாக வந்தவைதான் செம்மறிகள். புல்லை மேயும், புழுக்கை போடும், டிராக்டர் ஓட்டும் வேலை மிச்சம். "இது திராட்சைத் தோட்டமா, ஆட்டுப் பட்டியா?" என்று குதித்த நாத்தனாரே, தோட்டம் பார்க்க வருகிறவர்கள் முதலில் ஆடுகளைத்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் அதுகளுக்குப் பேர் வைக்க ஆரம்பித்தாள். மகாராணி அவள் வைத்த பேர்தான்.

புருஷன் நிலவறையிலிருந்து ஏறி வந்தபோது அண்ணி முற்றத்துக் குழாயடியில் நின்று கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். சரிவைக் கைகாட்டினாள். அவன் பார்த்தான். எப்போதும் நிதானமாக நடக்கிறவன் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான்.

அவர்கள் திரும்பப் போய்ச் சேர்வதற்குள் மகாராணி செத்துப்போயிருந்தது.

கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டதும், அவர் வழியில் இருப்பதாகச் சொன்னதும், நாத்தனார் வாசலில் வந்து நின்ற விருந்தாளிகளின் காரைத் திருப்பி அனுப்பியதும் எல்லாம் அண்ணிக்கு யாருக்கோ நடப்பது போலிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு ஆடாக விழுந்தது. காலை உதைத்துக்கொள்ளும், கழுத்தைப் பின்னால் வளைக்கும், அவ்வளவுதான். தண்ணீர் கொடுத்தால் வெறிபிடித்தது மாதிரி குடித்துவிட்டு அப்படியே சாய்ந்தன.

"இது நோயில்லை அண்ணி" என்றாள் நாத்தனார். அழுது முகம் வீங்கியிருந்தது. "நேத்து சாயங்காலம்வரைக்கும் துள்ளிட்டிருந்ததுங்க. ஒரே ராத்திரியில இத்தனைக்கும் நோய் வருமா? யாரோ விஷம் வெச்சிருக்காங்க."

யாரோ என்று அவள் சொன்னாலும், மூன்று பேரின் கண்ணும் ஒரே பக்கம்தான் திரும்பியது. வேலிக்கு அந்தப் பக்கம்.

பக்கத்துத் தோட்டக்காரரை ஊரே டிராக்டர்காரர் என்றுதான் சொல்லும். வட்டாரத்திலேயே பெரிய டிராக்டர் அவருடையது. பூச்சியோ களையோ எதற்கும் அவரிடம் ஒரு மருந்து இருக்கும். கொஞ்ச நாளைக்கு முன்னால் செம்மறிகள் வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே போய், அவர் புதிதாக நட்டிருந்த கொடிகளின் கொழுந்தை எல்லாம் மொட்டையடித்துவிட்டன. அவர் வேலியோரம் நின்று, தோட்டமே கேட்க, "இன்னொரு தடவை என் பக்கம் வந்தா ஒண்ணுகூட உயிரோட திரும்பாது" என்று கத்தினார்.

அந்த வார்த்தைதான் அண்ணியின் காதில் இப்போது ஒலித்தது. புருஷன் "டாக்டரம்மா வரட்டும், பொறு" என்று கையைப் பிடித்தான். உதறிவிட்டுப் போனாள்.

டிராக்டர்காரர் கொட்டகை வாசலில் ஏதோ சக்கரத்துக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய ஆட்கள் நாலைந்து பேர் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷமாக அண்ணே, அண்ணே என்று அழைத்துவந்த வாய், அன்றைக்கு "யோவ்" என்றது.

"யோவ், எழுந்திருய்யா. என்னத்தை வெச்சே? எதுல கலந்து வெச்சே?"

அவர் கிரீஸ் கையோடு எழுந்தார். "என்னம்மா? என்ன ஆச்சு?"

"தெரியாத மாதிரி கேக்காதே. ஒவ்வொண்ணா விழுந்து சாகுது. கண்ணெல்லாம் மஞ்சளாகி, மூத்திரம் கறுப்பாகி... உயிரோட திரும்பாதுன்னு சொன்னே இல்ல? சொன்னபடி செஞ்சுட்டே."

"ஆடுங்களா? செத்துப்போச்சா?" அவர் முகத்தில் ரத்தம் வற்றியது. "அம்மா, கோபத்துல வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதுக்காக..."

"உன் மண்ணை விஷம் ஊத்திக் கொன்னது பத்தலையா? என் தோட்டத்துக்குள்ளயும் வரணுமா? வாயில்லாத ஜீவன்யா! நீயெல்லாம் மனுஷனா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். ஒருத்தர் எழுந்து ஏதோ சொல்ல வந்தார். டிராக்டர்காரர் கையை உயர்த்தி நிறுத்தினார். அவர் பதிலுக்குக் கத்துவார், சண்டை போடலாம் என்றுதான் அண்ணி வந்திருந்தாள். அவர் கத்தவில்லை. டிராக்டர் படியில் மெதுவாக உட்கார்ந்து, கிரீஸ் படிந்த கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த அமைதி அவளுக்கு இன்னும் வெறியேற்றியது. வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னாள். பிறகு டாக்டரம்மாவின் வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பி நடந்தாள்.

டாக்டரம்மா அதிகம் பேசாதவர். உயிரோடிருந்தவற்றின் ஈறைப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார், ரத்தம் எடுத்தார். பிறகு, "ஒண்ணை அறுத்துப் பாக்கணும். இருக்கலாமா, உள்ளே போறீங்களா?" என்று கேட்டார்.

"இருக்கேன்" என்றாள் அண்ணி.

திராட்சை பிழியும் கொட்டகையின் நிழலில், சிமெண்டுத் தரையில் மகாராணியைக் கிடத்தினார்கள். தோலுக்கு அடியில் கொழுப்பெல்லாம் மஞ்சள். ஈரலை வெளியே எடுத்துக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார் டாக்டரம்மா. கறுஞ்சிவப்பாக இருக்க வேண்டியது மங்கிய காவி நிறத்தில், அழுத்தினால் உதிரும்போல் இருந்தது. சிறுநீரகம் இரண்டும் துப்பாக்கிக் குழல் மாதிரி நீலம் பாய்ந்த கறுப்பு. அதைப் பார்த்ததும் அவர் கை நின்றது.

"இதுங்களுக்கு மாட்டுத் தீவனம் ஏதாவது போட்டீங்களா?"

"இல்லவே இல்லை. புல்லுதான். எப்பவாவது கொஞ்சம் தானியம்."

"எந்தப் புல்லு?"

"கொடிக்கு அடியில முளைக்கிறதுதான். அதுக்குத்தானே இதுங்களையே வாங்கினோம்."

"கொடிக்கு என்ன மருந்து அடிக்கிறீங்க?"

"ஒண்ணும் அடிக்கிறதில்லை டாக்டரம்மா. எங்க தோட்டம் இயற்கைத் தோட்டம்" என்றாள் அண்ணி. வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய பெருமை, அந்த நேரத்திலும் குரலில் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. "இலையில அடிச்சாம்பல் நோய் வராம இருக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் மட்டும் கலந்து அடிப்போம். அது மருந்தே இல்லை. என் மாமனார் காலத்துலேருந்து அதுதான்."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "இந்த வருஷம் எத்தனை தடவை அடிச்சீங்க?"

"எண்ணலை. மழைதான் விடவே இல்லையே. அது கழுவிவிடக் கழுவிவிட நாங்களும் அடிச்சோம். இல்லேன்னா ஒரு கொத்து மிஞ்சியிருக்காது."

"கழுவினது எங்கே போச்சு?"

அண்ணியின் கண் கொடிகளுக்கு அடியில் இருந்த புல்லுக்குப் போனது.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். அடுத்துச் சொன்னதை மெதுவாக, கிட்டத்தட்ட அவள் தோளைத் தொடுகிற மாதிரிச் சொன்னார். "மயில்துத்தம்னா செம்பும்மா. வேற ஒண்ணுமில்லை. மாடு ஓரளவு தாங்கும், பன்னி தாங்கும். செம்மறிக்கு மட்டும் அதை வெளியே தள்ளத் தெரியாது. உள்ளே போறதை எல்லாம் ஈரல்லயே சேர்த்து வெச்சுக்கும். மாசக்கணக்கா ஒரு அறிகுறியும் தெரியாது. நல்லாத் திங்கும், ஓடும், கொழுக்கும். ஏதாவது ஒரு பயமோ அலைச்சலோ வந்தா, ஈரல் அத்தனையையும் ஒரே மூச்சுல ரத்தத்துல கொட்டிடும். ரத்தம் உடைஞ்சு மூத்திரமா போகும். நேத்து என்ன பண்ணீங்க?"

"ரோமம் கத்தரிச்சோம்" என்றான் புருஷன்.

"அதான். அதிர்ச்சி. லேப்ல பார்த்துட்டு உறுதியா சொல்றேன். ஆனா எனக்குச் சந்தேகமே இல்லை."

அண்ணி தன் கையைப் பார்த்தாள். காலையிலிருந்து எத்தனை முறை கழுவியும் நகக்கண்ணில் லேசாக ஒரு நீலம். அது எப்போதும் இருப்பதுதான். மருந்தடிக்கிற காலம் முடிந்தும் போகாது. மாமனாருக்கும் அப்படித்தான் இருந்தது. தோட்டம் பார்க்க வருகிறவர்கள் முன்னால் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துக் காட்டுவாள் அவள். "எங்க மண்ணைத் தைரியமா சாப்பிடலாம்" என்பாள். எல்லோரும் கைதட்டுவார்கள். சிலர் அவர்களும் எடுத்து நாக்கில் வைப்பார்கள். போன வாரம்கூட ஒரு கர்ப்பிணிப் பெண் சிரித்துக்கொண்டே எடுத்தாளே.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு சிட்டிகையில மனுஷங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டரம்மா, அவள் கேட்காமலே. "நம்ம உடம்பு வேற. இப்ப மிச்சம் இருக்கிறதைப் பாருங்க. நான் குடுக்கிற மருந்தைத் தினமும் தீவனத்துல கலந்து குடுக்கணும். அதைவிட முக்கியம், இன்னைக்கே இந்தத் தோட்டத்தை விட்டு வெளியே கொண்டு போகணும். எந்தக் காலத்துலயும் கொடி நடாத, மருந்து படாத புல்லு வேணும். இங்க ஒரு வாய் புல்லுகூடத் தின்னக் கூடாது."

நாத்தனார் அதுவரை கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "அப்பா..." என்றாள். சின்னக் குழந்தை மாதிரி இருந்தது குரல். "அண்ணி, அப்பா கை எப்பவும் நீலமா இருக்கும். அந்தக் கையாலதான் எனக்குச் சோறு ஊட்டுவாரு. அவர் கொடிக்கு அடிச்சது விஷம்னு சொல்றாங்களா இவங்க?"

புருஷன் எழுந்து நிலவறைக்குள் இறங்கிப் போனான்.

அண்ணி பின்னாலேயே போனாள். அவன் பெரிய பீப்பாய் ஒன்றின் முன்னால் நின்று, அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்திருந்தான். ஜுரம் பார்க்கிற மாதிரி.

"ஒயின்ல இருக்காது" என்றான், அவள் கேட்கும் முன்பே. "நொதிக்கிறப்ப செம்பெல்லாம் மண்டியோட சேர்ந்து அடியில படிஞ்சிடும். வருஷா வருஷம் லேப்ல பார்க்கிறோம். ஒயின் சுத்தம்."

"அடியில படியிற மண்டியை என்ன பண்றோம்?"

"உரக்குழியில..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான்.

"உரத்தை?"

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை அவள் பார்த்ததில்லை. இலையில் அடித்தது பழத்தோடு உள்ளே வந்து, ஒயினிலிருந்து பிரிந்து, மண்டியாகி, குழிக்குப் போய், கூடை கூடையாக மறுபடி அதே கொடியின் காலடிக்கே போயிருக்கிறது. ஒன்றையும் வீணாக்காத தோட்டம் என்று நாத்தனார் மேடை போட்டுச் சொல்லாத குறைதான். ஒன்றும் வீணாகவில்லை. உண்மையிலேயே ஒன்றும் வீணாகவில்லை.

"இயற்கைத் தோட்டம்னு முத்திரை குத்தறவங்களே இதை அடிக்கலாம்னுதானே சொன்னாங்க" என்றான் அவன்.

"அவங்க ஒரு அளவு சொன்னாங்க. நாம மழையைப் பார்த்தோமே தவிர, அளவைப் பார்த்தோமா?"

மேலே நாத்தனார் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தாள். புல்வெளி. மருந்து படாத புல்வெளி. ஒவ்வொரு இடமாகக் கேட்டாள். ஒருத்தர் இடம் லாரி வைத்துக் கொண்டுபோகிற தூரம். அந்த அலைச்சலிலேயே பாதி செத்துவிடும் என்றார் டாக்டரம்மா. கிட்டத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஓடைக்கரையில், வேலிக்கு அந்தப் பக்கம், வெள்ளம் வரும் என்று கொடியே நடாமல் விட்டிருந்த புல்வெளி. டிராக்டர்காரருடையது.

மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் போறேன்" என்றான் புருஷன்.

"கத்தினது நான். நீங்க போனா என்ன அர்த்தம்?" என்றாள் அண்ணி.

காலையில் ஆவேசத்தில் தாண்டிய அதே தூரம், இப்போது நடக்க நடக்க நீண்டுகொண்டே போனது. கொட்டகை வாசலில் அதே ஆட்கள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஒருத்தர் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிராக்டர்காரர் கையைக் கழுவியிருந்தார். சட்டைகூட மாற்றியிருந்தார். எங்கோ புறப்படுகிற மாதிரி நின்றார்.

"அண்ணே" என்றாள்.

"காலையில வேற என்னமோ கூப்பிட்ட மாதிரி ஞாபகம்."

"ஆமா."

"டவுனுக்குப் போலாம்னு கிளம்பினேன். நீ போலீஸுக்குப் போறதுக்கு முன்னாடி நானே போய் நின்னுடலாம்னு. எங்க அப்பன் காலத்துலேருந்து எங்க மேல ஒரு கேஸு கிடையாது."

அண்ணி எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தித்தான் சொன்னாள். "நீங்க ஒண்ணும் செய்யலைண்ணே. வேற யாரும் செய்யலை. நான்தான் கொன்னுட்டேன்."

"என்னம்மா உளர்றே?"

சொன்னாள். மயில்துத்தத்தை, மழையை, புல்லை, ஈரலை எல்லாவற்றையும், விட்டு விட்டு, முன்னுக்குப் பின்னாகச் சொன்னாள். அவர் முதலில் புரியாமல் கேட்டார். பிறகு புரிந்தது. புரிந்ததும் அவர் கண் அவளைத் தாண்டி, கொட்டகை மூலையில் அடுக்கியிருந்த மூட்டைகளுக்குப் போனது. நீல எழுத்துப் போட்ட மயில்துத்த மூட்டைகள். அவள் கொட்டகையில் இருப்பதும் அதே மூட்டைதான். அவரிடம் இன்னும் அதிகமாக இருந்தது.

"அது... அது மட்டும்தான் நல்லதுன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார். "மத்ததை அடிக்கிறப்ப மூக்கைக் கட்டிப்பேன். அதுக்குக் கட்டினதே இல்லை."

"மிச்சம் இருக்கிறதுக்கு ஓடைக்கரைப் புல்லு வேணும்ணே. கேக்க எனக்கு முகமில்லை. ஆனா கேக்காம இருக்கவும் முடியலை."

ஆட்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், "கேட்டைத் திறந்து வைங்கப்பா" என்றார் அவர்களிடம். அவளிடம், "உனக்காக இல்லை. நீ சொன்னதை நான் மறக்க மாட்டேன். மறக்கச் சொல்லியும் கேக்காதே" என்றார்.

"கேக்க மாட்டேன்."

ஆடுகளை ஓட்டிக்கொண்டு போவது சவ ஊர்வலம் மாதிரி இருந்தது. அதட்டக் கூடாது, ஓடவிடக் கூடாது, பயமுறுத்தக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நடக்க முடியாதவற்றைப் புருஷன் தோளில் தூக்கிக்கொண்டான். வாயை மூடத் தெரியாத நாத்தனார் வாயை மூடிக்கொண்டு, தீவன டப்பாவோடு முன்னால் நடந்தாள். டிராக்டர்காரரின் ஆட்களில் இரண்டு பேர், யாரும் கூப்பிடாமலே வந்து, ஆளுக்கொரு ஆட்டைத் தூக்கிக்கொண்டார்கள். டிராக்டர்காரர் கேட்டருகே நின்று ஒவ்வொன்றின் கண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி தாண்டும்போது வேறு பக்கம் பார்த்தார்.

அந்த வாரத்தில் இன்னும் சில செத்தன. மந்தையில் பாதி போயிற்று. லேப் முடிவு வந்தபோது யாரும் திடுக்கிடவில்லை. திடுக்கிட வைத்தது மண் பரிசோதனைதான். மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்கு இருந்த செம்பைப் பார்த்து, மண்ணைச் சோதித்த விவசாய அதிகாரி, "இங்கே பக்கத்துல ஏதாவது தொழிற்சாலை இருந்துதா?" என்று கேட்டார். சரிவின் அடியில், தண்ணீர் வந்து தேங்குகிற இடத்தில், மண்வெட்டியால் வெட்டிப் போட்ட கட்டியில் அண்ணி மண்புழு தேடினாள். கட்டிக்குப் பின் கட்டியாக உடைத்துப் பார்த்தாள். ஒன்றுகூட இல்லை. புல் பச்சையாக இருந்ததையும் பூச்சி பறந்ததையும் பார்த்து மண் பிழைத்துவிட்டது என்று இத்தனை வருஷம் அவள் நம்பியிருந்தாள். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றாள்.

"செம்பு மக்கிப் போகாது" என்றிருந்தார் அந்த அதிகாரி. "போட்டது போட்டதுதான். இனிமே போடாம இருக்கிறதுதான் உங்க கையில இருக்கு."

வீட்டில் பெரிய சண்டை நடந்தது. தோட்டம் பார்க்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லக் கூடாது என்றான் புருஷன். நாத்தனார்தான் சொல்வேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அண்ணி இதை எதிர்பார்க்கவில்லை. "ஆடு எங்கேன்னு கேப்பாங்க அண்ணா. நான் என்ன சொல்றது, ஊருக்குப் போயிருக்குன்னா? பொய் சொல்லி விக்க என் வாய் எதுக்கு? எவன் வேணா விப்பான்." முதல் கும்பலிடம் அவளே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர்களில் சிலர் பாட்டிலை வாங்காமலே போனார்கள். சிலர் கடைசிவரை நின்று கேட்டார்கள்.

சரிவின் அடியில் இருந்த கொடிகளை அடுத்த குளிர்காலத்தில் பிடுங்கினார்கள். மாமனார் கையால் நட்டவை. வேரோடு வரும்போது ஒவ்வொன்றும் மூட்டு விலகுகிற மாதிரி சத்தம் போட்டது. அந்த இடத்தைப் புல்லுக்கு விட்டுவிட்டு, மேட்டில் நோய் தாங்குகிற வேறு ரகக் கொடி கொஞ்சம் நட்டார்கள். காற்று புகுந்து இலை உலரும்படி, மிச்சக் கொடிகளின் இலையைக் கையால் கிள்ளினாள் அண்ணி. மருந்தை அறவே விட முடியவில்லை. தளிர்க்கிற காலத்தில் மழை பிடித்துக்கொண்டபோது, நோய் எட்டிப்பார்த்த வரிசைகளுக்கு மட்டும், அளந்து, கொஞ்சமாக அடித்தாள். அந்த வருஷம் மூன்றில் ஒரு பங்கு பழம் இலையோடு கருகி விழுந்தது. மிச்சத்தில் புருஷன் செய்த ஒயின் சுமார்தான். அவனே அப்படித்தான் சொன்னான். மண்டியை இப்போது உரக்குழிக்கு விடுவதில்லை. மூடிய பீப்பாயில் அடைத்து, கழிவு எடுத்துப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுகிறார்கள்.

பிழைத்த ஆடுகள் ஓடைக்கரையிலேயே இருந்துவிட்டன. அண்ணி தினமும் மருந்து கலந்த தீவனத்தோடு போவாள். டிராக்டர்காரர் கேட்டைத் திறந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். குட்டி போட்டபோதும் அப்படித்தான். எட்ட நின்று பார்த்தார், போனார். இருவருக்கும் நடுவே அந்தக் காலை அப்படியே நின்றது. அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம் அவர் நடையைக் கட்டினார்.

அறுவடை முடிந்து தோட்டம் காலியாகக் கிடந்த ஒரு முற்பகலில், அவர் வீட்டு முற்றத்துக்கு வந்தார். அந்த வாசலை மிதித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, மேலே சாக்கைப் போட்டு மூடியிருந்தது. நாத்தனார் "வாங்கண்ணே" என்றதுக்குத் தலையை மட்டும் ஆட்டினார். அண்ணியைப் பார்த்து வாளியைக் கீழே வைத்தார்.

"என் தோட்டத்து மண்ணு" என்றார். "நாலு இடத்துல தோண்டி எடுத்தேன். நீ மண்ணு குடுத்த அந்த ஆபீஸ்ல பார்க்கச் சொல்லணும்."

"குடுத்துட்டுப் போங்கண்ணே. நானே கொண்டு போய்..."

"இல்லை, நானும் வரேன். என்ன சொல்லப் போறாங்கன்னு தெரியும். உனக்கு இவ்வளவுன்னா எனக்கு எவ்வளவு இருக்கும்?" அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கை வாளிப் பிடியை விடாமல் பிடித்திருந்தது. "தனியாப் போய்க் கேக்கப் பயமா இருக்கும்மா. அதான்."

அண்ணி உள்ளே போய் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் வாளியைப் பின்னால் வைக்க மாட்டேன் என்று மடியிலேயே வைத்துக்கொண்டு, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.